பூநாரை பேட்ஜ்

வீட்டைப் பூட்டிக் கிளம்பினால் மூன்று தடவை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான். ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். பயப்படுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

ஏழாவது முடித்த வருஷம் மே மாதம் பழவேற்காட்டில் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் போட்டார்கள். நாளுக்கு ஒரு துணி பேட்ஜ் கொடுப்பார்கள். வட்டமாக, நூல் வேலையில் நண்டு, படகு, கூழைக்கடா. ரோஸ் நிறப் பூநாரை கொடுத்த அன்று எனக்குக் காய்ச்சல். கடைசி நாள் சாயங்காலம், சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் தன் பூநாரையை என்னிடம் கொடுத்து, வீட்டில் காட்டிவிட்டுத் திருப்பித் தரச் சொன்னாள். "நாளைக்கு மதியம் எங்க வேன் கெளம்பிடும். மறந்துடாதப்பா." கை ஈரம் பட்டுவிட்டதே என்று அதைத் துணிக்கொடியில் காயப்போட்டேன்.

விடிந்ததும் பார்த்தால் காணோம். பாயை உதறினேன், கோழிக்கூட்டில் கைவிட்டேன். அம்மாவிடம் சொல்லவும் பயம்.

அதற்குள் கரையில் கூட்டம். ஏரியில் வலை போடும் இடத்தைப் பாடு என்போம். இன்றைக்கு இன்னார் என்று முறை உண்டு; முறைக்காரர் முந்தின சாயங்காலமே கழி நட்டுத் துணி கட்டிவிடுவார். அன்று என் மாமன் முறை. அவர் கயிறு வாங்க முதல் பஸ்ஸில் பொன்னேரி போயிருந்தார். கழியில் எப்போதும் இருக்கும் சிவப்புத் துணியைக் காணோம். அதற்குப் பதில் ஏதோ முத்திரை என்று, படகில் அந்தப் பக்கம் போய் வந்த ஒருவர் சொன்னார்.

"ரோஸ் கலர்ல பறவ போட்டு, சுத்தி இங்கிலீஷ்ல எழுதிக்கீதுபா. பறவ சரணாலயத்து கவருமெண்டு ஆளுங்க பாட்ட மூடிட்டாங்க, இனிமே வல போட வுட மாட்டாங்க."

"இன்னாடா சொல்ற? நம்மள ஒரு வார்த்த கேக்க மாட்டாங்களா?"

ஒருவரும் படகைத் தள்ளவில்லை. அப்பாவை நான் நைனா என்பேன்; அவர் தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்திருந்தார். எனக்கோ பறவை என்றதும் உயிர் வந்தது, உடனே போயும் விட்டது. ஊர் முன்னால் எப்படிச் சொல்வது? வேன் ஞாபகம்தான் வாயைத் திறக்க வைத்தது.

"நைனா, அது என் ஃப்ரெண்டோட பேட்ஜு. கொடியில காயப் போட்டிருந்தேன்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து மாமன் கயிற்றுச் சுருளோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். "செவப்புத் துணி காத்துல பூட்ச்சி. கொடில பளிச்சுனு ஒண்ணு தொங்கிச்சு, கட்டிட்டேன். அதுக்கு இன்னா இப்போ?"

அவ்வளவுதான், கரையே வெடித்துச் சிரித்தது. ஊர்த் தலைவரான நாட்டார் மாமனைத் துண்டால் அடித்தார். "கவருமெண்டு மாமா வர்றாரு, வழி வுடுங்கடா!" என்று பையன்கள் கத்தினார்கள். நாலு பேர் போட்டி போட்டுக்கொண்டு படகில் போய் பேட்ஜை அவிழ்த்து வந்தார்கள். ஓரத்தில் மாமன் கட்டுவதற்காகப் போட்ட இரண்டு ஓட்டை. வேன் கிளம்புமுன் ஓடிப்போய்க் கொடுத்தேன். ஏரிக்குள் ஒரு ராத்திரி நின்ற பேட்ஜ் என்றதும் அந்தப் பெண்ணுக்கு ஏக சந்தோஷம், ஓட்டையையே விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது நைனா இன்னும் மணலில்தான் இருந்தார். முகத்தைத் துண்டால் பொத்தியிருந்தார், தோள் குலுங்கியது. "பாடு போவல, பாடு போவல" என்று துண்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். "அழாத நைனா, பேட்ஜ அவகிட்ட குடுத்துட்டேன்." ஒரு துணி பேட்ஜ் கிடைத்ததற்கு ஊரே இவ்வளவு சந்தோஷப்படுகிறதே, எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.