அக்கா விதைத்த நோய் வரிசை

வேம்பார் உப்பளத்து வேலையை விட்டுவிட்டுக் கடற்கரைச் சாலையில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். எங்கே போவது என்று முடிவு செய்யவில்லை. அப்போதுதான் அத்தான் போனில் கூப்பிட்டார். அக்காவுக்கு ஈரலில் புற்றுநோய், வைத்தியம் பலிக்கவில்லை, வந்து பார்த்துவிட்டுப் போ என்றார். அடுத்து வந்த பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி ஏறினேன். அக்கா மறைந்து ஓராண்டு ஆகும் இந்நாளில், அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தச் சாலைதான் முதலில் வருகிறது.

அக்கா பிறந்தது ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் நெல் விளையும் ஓர் ஊரில். எங்களுக்கு விவரம் தெரியும் முன்பே அப்பா காலமானார். அம்மா நாற்று நட்டு எங்களை வளர்த்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்று, திசைக்கொரு வேலையாய் அலைந்தேன். அக்கா விடுமுறையெல்லாம் அம்மாவோடு வயலில் நின்றபடியே விவசாயக் கல்லூரிப் படிப்பை முடித்தார். பிறகு கரிசல் காட்டில் ஒரு பயறு ஆராய்ச்சிப் பண்ணையில் சேர்ந்து கடைசிவரை அங்கேயே இருந்தார். கோபத்திலும் அவர் குரல் உயர்ந்ததில்லை.

அவர் வேலை உளுந்தில். மஞ்சள் தேமல் விழுந்தால் உளுந்து காய் பிடிக்காது என்பது நம் உறவினர் பலருக்குத் தெரியும். அந்த நோயைத் தாங்கும் காட்டுப் பயறு ஒன்றின் மகரந்தத்தை நல்ல உளுந்தின் பூவில் சேர்த்து, அதில் வந்த நாற்று ஒவ்வொன்றிலும் பொட்டளவு இலையைக் கிள்ளி மரபணுவைப் பார்ப்பார். நோய் தாங்கும் குணத்தோடு கூடவே வரும் ஓர் அடையாளம் அதில் உண்டாம். அது உள்ள நாற்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாம். ஆனாலும் வயலில் நிறுத்தி, நோயை வரவழைத்துப் பார்த்த பிறகுதான் ஊருக்கு விதை கொடுக்க முடியும். அந்தச் சோதனை அந்தக் கோடையில்தான் நடந்துகொண்டிருந்தது. அதன் முடிவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றே அக்காவின் ஆசை.

எழுந்து நடக்க முடியாதவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று நான் ஒரு விடுமுறை நாளில் பண்ணைக்குப் போனேன். வயலில் வேறு ஆள் இல்லை. நாலைந்து வரிசைக்கு ஒரு வரிசை மஞ்சளடித்துக் கிடந்தது. சீக்குச் செடியை விட்டுவைத்தால் பக்கத்துச் செடிக்கும் தொற்றும். மதியத்துக்குள் அத்தனையையும் பிடுங்கி எரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன்.

அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“ஏலே, அது நான் வேணும்னே வெதைச்ச சீக்குலே. வெள்ளை ஈ அதுல இருந்து நோயைத் தூக்கிட்டு வந்து என் செடியில உக்காரணும். அப்பவும் பச்சையா நின்னாத்தான் தாங்கும்னு சொல்ல முடியும். நீ சாட்சியைப் பிடுங்கிட்ட.”

மறுபடி விதைத்தால் ஆகாதா என்று கேட்டேன்.

“செடிக்கு நாள் இருக்கு. எனக்கு இல்லலே.”

சுற்றுக் காடுகளில் கிணற்றுப் பாசன உளுந்து தேடி அலைந்தேன். நோய்ச் செடி வேண்டும் என்றதும் ஒரு அண்ணாச்சி சிரித்தார்.

“எல்லாவனும் நல்ல வெதை கேட்டு வாரான். நீ சீக்கு கேட்டு வாரியே. வேரோட அள்ளிட்டுப் போ, அங்கன இன்னும் கெடக்கு.”

மண்ணோடு தோண்டிச் சட்டிகளில் வைத்து, ஈ பறந்துவிடாமல் வலைத்துணி மூடி, அவர் வண்டியிலேயே கொண்டுவந்து வரிசைகளுக்கு நடுவே வைத்து வலையைத் திறந்துவிட்டேன்.

மூன்று வாரத்தில், ஒப்புப் பார்க்க விதைத்திருந்த அடையாளம் இல்லாத வரிசைகள் மஞ்சளாயின. அடையாளம் உள்ளவை பச்சையாக நின்றன. அவற்றிலும் இரண்டு வரிசை தாங்கவில்லை. அந்த இரண்டையும் விட்டுவிட்டுப் போனில் படம் எடுத்துப் போனேன். அக்கா வரிசை எண்களைப் பார்த்தார். விட்டுப்போனது எங்கே என்று கேட்டார். மறுநாள் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் படங்களைத்தான் நெடுநேரம் பார்த்தார். இவை ஏன் தாங்கவில்லை என்று பண்ணையில் பார்க்கச் சொல்லுங்கள் என்று அத்தானிடம் சொன்னார். நாலாம் நாள் எங்களை விட்டுப் பிரிந்தார்.

மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக உடன் வந்த உறவினர்களையும், வேளை தவறாமல் சோறு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாரையும், தினமும் வந்து வயல் விவரம் சொன்ன பண்ணைத் தோழியரையும், சீக்குச் செடி தந்த அண்ணாச்சியையும் அத்தானும் நானும் கைகூப்பி வணங்குகிறோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பினீர்கள். நானும் பையைக் கட்டித்தான் வைத்திருந்தேன். மறுநாள் காலை பண்ணைக்குப் போய் ஆள் வேண்டுமா என்று கேட்டேன். அடுத்த சோதனைக்கு நிலம் உழுது கிடந்தது. நோய் தாங்காத ரகத்தின் விதையை என் கையில் கொடுத்து, நாலைந்து வரிசைக்கு ஒரு வரிசை அதைப் போடச் சொன்னார்கள்.