அம்மா மிச்சம் வைத்த காபி

நடந்ததை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் எழுத வரும்.

1. அம்மா பினாங்கில் கப்பலைவிட்டு இறங்கிய மறுநாள் காலை, ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்கிக் காபி கலந்து கொடுத்தேன். டம்ளரின் அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்தாள்.
2. இரண்டாம் நாள் பொடியைக் கூட்டினேன். மிச்சம் இருந்தது.
3. மூன்றாம் நாள் சர்க்கரையைக் குறைத்தேன். மிச்சம்.
4. நான்காம் நாள் டப்பாப் பாலை விட்டுவிட்டுப் பசும்பால் வாங்கினேன். மிச்சம்.
5. ஐந்தாம் நாள் சிக்கரி சேர்க்காத தனிப் பொடி. அன்றைக்கும் மிச்சம்.
6. ஆறாம் நாள், அம்மா குளிக்கப் போனதும், அந்த மிச்சத்தை அளவுக்குழாயில் ஊற்றிப் பார்த்தேன். பதினெட்டு சி.சி.

வீட்டில் எதற்கு அளவுக்குழாய் என்று கேட்பீர்கள். இங்குள்ள ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் இரத்தமும் சிறுநீரும் சோதிப்பது என் வேலை. விளிம்பு உடைந்துபோனதால் கழித்துக்கட்டிய குழாய் அது. எதையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் விடை கிடைத்துவிடும் என்பது என் படிப்பு எனக்குக் கொடுத்த நம்பிக்கை. அந்த நாட்களில் காலை நாலரைக்கே விழித்துக்கொண்டு, இன்றைக்கு எதை மாற்றலாம் என்று படுக்கையிலேயே யோசித்துக்கொண்டிருப்பேன். ஏனென்றால் எனக்கு வேண்டியிருந்தது வெறும் நல்ல காபி அல்ல. அப்பா இறந்தபின் அம்மா ஆலங்குடி வீட்டில் தனியாக இருந்தாள். நான் ஒரே பிள்ளை. அவளுக்கு இங்கே மூன்று மாதம் தங்க அனுமதி. அதற்குள் பிடித்துப்போனால் என்னோடேயே இருந்துவிட விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் நாகப்பட்டினத்துக்குத் திரும்பும் கப்பல். பிற்பகல்தோறும் கொட்டும் மழையையோ, மருத்துவமனைக் குவார்ட்டர்ஸில் யாரோடும் பேச முடியாத மொழியையோ என்னால் மாற்ற முடியாது. காபியை மாற்றலாம் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கறம்பக்குடியோ ஆலங்குடியோ, யார் வீட்டில் காபி கொடுத்தாலும் குடித்துவிட்டு, “நல்லாருக்குங்க” என்றுதான் சொல்வார்கள். உண்மையான தீர்ப்பு வெளியே வந்து தெரு திரும்பியபிறகுதான். சிறுமியாக இருந்தபோது அம்மாவோடு எங்காவது போய்வந்தால் எனக்கு அந்தத் திருப்பம்தான் முக்கியம். “பொடி பழசு, போன மாசத்து வறுவல்” என்பாள். “பாலு அடிப்பிடிச்சதைச் சர்க்கரையைப் போட்டு மறைச்சிருக்கா” என்பாள். மிக மோசமானதற்கு ஒரே சொல்: கழனித் தண்ணி. அவள் சொன்னது தவறியதாக நினைவில்லை. இப்போது அவள் என் வீட்டிலேயே இருந்தாள். நாள்தோறும் “நல்லாத்தான் இருக்குத்தா” என்றாள். குடித்துவிட்டுத் திரும்பிப் போக அவளுக்கு ஒரு தெரு இல்லாததால் எனக்குத் தீர்ப்பும் கிடைக்கவில்லை. அந்தப் பதினெட்டு சி.சி.யைத்தான் தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் போட்ட காபியை நானே முழுதாகக் குடிப்பதில்லை. அம்மாவுக்கு எதிரே பாதி குடித்துவிட்டு, மீதியை அவள் பார்க்காதபோது தொட்டியில் ஊற்றிவிடுவேன். மருத்துவமனை வாசலில் ஒரு சீனர் கடை இருக்கிறது. கடைக்காரரை எல்லோரும் தவுக்கே என்று கூப்பிடுவார்கள். முதலாளி என்று பொருள். சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துக் கரியாக வறுத்த கொட்டையைப் பொடித்து, துணிப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றி வடித்துத் தருவார். பாலில்லாத அந்தக் கறுப்புக் காபிக்கு இங்கே ‘கோப்பி ஓ’ என்று பெயர். வந்த புதிதில் பால் வேண்டுமென்று கேட்கத் தெரியாமல், அலமாரியிலிருந்த பால் டப்பாவின் பசுப் படத்தைக் காட்டினேன். அவர் அந்த டப்பாவையே காகிதத்தில் சுற்றி, கயிறு கட்டி என் கையில் கொடுத்துவிட்டார். கறுப்பாகவே குடித்துவிட்டு, டப்பாவோடு வேலைக்குப் போனேன். முதல் ஆண்டு அது எனக்கு மருந்துக் கஷாயம். இரண்டாம் ஆண்டு பழகிவிட்டது. அதற்குப் பிறகு அது இல்லாமல் காலையில் நுண்ணோக்கியின் முன் உட்கார முடிவதில்லை. இதை நான் எந்தக் கடிதத்திலும் ஊருக்கு எழுதியதில்லை.

அம்மா வந்த இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க வேறு இடமில்லாமல் அந்தக் கடைக்குள் நுழைந்தோம். தவுக்கே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு ஒரு கோப்பி ஓவைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தார். பிறகு அம்மாவைக் காட்டி, அவர்களுக்கு என்ன என்பதுபோல் என்னிடம் கையை விரித்தார். அம்மா வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் முழுவதையும் குடித்தேன்.

மழை விட்டதும் நடந்தோம். தெரு திரும்பியதும் அம்மா கேட்டாள்.

“எம்புட்டு நாளா குடிக்கிற?”

“மூணு வருசமா.”

“பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கும்மா.”

“அப்ப வீட்டுல எதுக்குத் தெனமும் ஒரு தினுசாப் போடுற? மொத நாளு போட்டது நல்லாத்தானே இருந்துச்சு. சிக்கரி இல்லாம ஒண்ணு குடுத்தியே, அதுதான் கழனித் தண்ணி.”

“நீ தெனமும் மிச்சம் வச்சியே.”

அம்மா நின்றுவிட்டாள். “அடி மண்டிய யாருத்தா குடிப்பா? நீயுந்தான் ஒரு வாய வச்சுட்டு எந்திரிப்ப. மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தேன். எங்கள் வீட்டில் ஃபில்டர் கிடையாது. பானையில் தண்ணீரைக் கருப்பட்டியோடு கொதிக்கவைத்து, பொடியைப் போட்டு மூடி, தெளிந்ததும் மேலாக ஊற்றிக் குடிப்போம். எவ்வளவு கவனமாக ஊற்றினாலும் கடைசி வாயில் பொடி நிற்கும்; அதை விட்டுவிடுவோம். என் ஃபில்டரில் மண்டி இறங்குவதில்லை. ஆனால் அறுபது வருடத்துப் பழக்கம் டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டா நிற்கும்? நாளுக்கொரு மாற்றம் செய்து குறிப்பெழுதியவள், சொந்த வீட்டில் காபி குடிக்கும் முறையைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

சிரித்திருக்கலாம். அம்மா சிரிக்கவில்லை. “ஊருல ஒன் ரூமு சும்மாத்தான் கெடக்கு. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா வாடகைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கு” என்று ஆரம்பித்தாள். “நீ திரும்பி வருவியா மாட்டியான்னு கடுதாசில கேட்டா, வாரேன்னுதான் எழுதுவ. நேர்ல பாத்துட்டுப் போவம்னுதான் கப்பலேறுனேன்.”

அவள் இங்கே தங்குவாளா என்று நான் சோதித்துக்கொண்டிருந்தேன். அவளோ, நான் அங்கே வருவேனா என்று பார்க்க வந்திருந்தாள். அவளுக்குக் குறிப்பேடு வேண்டியிருக்கவில்லை. கேட்காமல் வந்து நின்ற ஒரு கோப்பை போதும்.

“நீ இங்கிட்டே இரேம்மா” என்றேன்.

“எனக்காக நீ பிடிக்காத காப்பியக் குடிச்சுக்கிட்டு இருக்க. ஒனக்காக நான் இங்கிட்டு இருந்தா, நானும் அப்படித்தான் இருப்பேன். கடலக்காட்ட யாரு பாப்பா?” என்றாள். கோபமாக இல்லை, விலை விசாரிப்பதுபோலத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு மீதி நாட்களுக்கு அவள் காபியை அவளே போட்டுக்கொண்டாள். நான் வாசல் கடையில் குடித்தேன். இருவரும் நிறையப் பேசினோம். இந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

அம்மா ஊர் போய் இரண்டு மாதம் ஆகிறது. சென்ற வாரம் கடிதம் வந்தது. கடலை விதைத்தாயிற்று. என் புத்தகங்களைப் பெட்டியில் கட்டி அவள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஆலங்குடியில் என் அறையில் இப்போது டீச்சர் குடியிருக்கிறார். இங்கே நான் இருக்கும் அறை மருத்துவமனையுடையது. வேலையை விட்டால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.