இறங்க முடிகிற கப்பல்

பெங்களூர் ஜீவனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடு ஐந்து கிலோமீட்டர்தான். அந்தச் சனிக்கிழமை காலை அதைக் கடக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. டாக்சியின் டிக்கி அக்காவின் சக்கர நாற்காலியை விழுங்க மறுத்தது. டிரைவர் கயிறு போட்டுக் கட்டினார். அல்சூர் ஏரியருகே ஊர்ந்துகொண்டிருந்தபோது, "கப்பல்காரனப் பாக்கப் போறதுக்கே இந்தப் பாடு" என்றாள் அக்கா. டிரைவர் சிரித்தார். அவருக்குத் தமிழ் புரிந்திருக்கிறது.

என் அக்கா பிலோமினாவுக்கு அறுபத்திரண்டு வயது. சின்ன வயதில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் போயின. கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள் நாங்கள். அவளுக்குத் தொலைபேசி அலுவலகத்தில் வேலை கிடைத்ததும் பெங்களூருக்கு வந்துவிட்டோம். நான் அவளைவிட ஆறு வயது இளையவள், ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. என் கணவர் இறந்த பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஓய்வு பெற்றதிலிருந்து அக்கா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: கப்பலில் போக வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்திருந்தாள்.

"எவனும் என்னைத் தூக்கக் கூடாது."

ரயிலில் ஏற்ற, பஸ்ஸில் ஏற்ற, கல்யாண மண்டபத்துப் படியில் ஏற்ற என்று ஆயுசு முழுக்க யாராவது அவளைத் தூக்கியிருக்கிறார்கள். உதவி செய்கிறவர்களை அவள் குறை சொல்வதில்லை. "கேக்காம தூக்குறாங்கடி. அரிசி மூட்டையக்கூட எங்க வைக்கணும்னு கேட்டுட்டுத்தான் தூக்குறாங்க" என்பாள்.

நாங்கள் போன முதல் சுற்றுலா அலுவலகம் கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடி. லிஃப்ட் பெரிதாக இருந்தது, காபியும் கொடுத்தார்கள். எங்களிடம் பேசிய நவீன் திருச்சிக்காரர். பெங்களூர் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறதாம். பெரிய திரையில் ஒரு கப்பலைக் காட்டினார். அதைக் கப்பல் என்பதே தப்பு, மிதக்கிற ஊர். மொட்டை மாடியில் சறுக்கு மரங்கள், உள்ளே பனித்தரையில் நடனம், பத்துப் பன்னிரண்டு சாப்பாட்டுக் கூடங்கள். சிங்கப்பூரில் ஏறினால் பினாங்கு, ஃபுக்கெட் போய்த் திரும்பலாம். விமானம் நீங்கலாக இருவருக்கும் ஒரு லட்சத்து எண்பதாயிரம். எனக்கு மனதுக்குள் டிக்கெட் வாங்கியாகிவிட்டது.

"தம்பி, ஃபுக்கெட்ல கப்பல் கரைய ஒட்டி நிக்குமா, தள்ளி நிக்குமா?" என்று அக்கா கேட்டாள்.

நவீன் கணினியில் தேடினார். "கொஞ்சம் தள்ளி நங்கூரம் போடுவாங்க மேடம். அங்கேருந்து சின்ன போட்ல கூட்டிட்டுப் போவாங்க."

"நான் எப்படி அந்த போட்ல எறங்குறது?"

"அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்ல மேடம். நாலு பேர் சேர்ந்து அலேக்கா தூக்கி உக்கார வச்சிடுவாங்க."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அக்கா காபிக் கோப்பையை மேசையில் வைத்தாள். "யோசிச்சுச் சொல்றோம்ப்பா."

இரண்டாவது அலுவலகம் ரிச்மண்ட் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. கீழே நின்று போன் செய்தோம். ஷபானா என்ற நடுத்தர வயதுப் பெண்மணி லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். பக்கத்து ஜூஸ் கடையில் இடம் பிடித்து, அன்னாசிப் பழங்களுக்கு நடுவே லேப்டாப்பைத் திறந்தார். அவர் காட்டிய கப்பல் வேறு நிறுவனத்துடையது, சிறியது, பழையது. நீச்சல் குளம் ஒன்று, மேடை ஒன்று, சாப்பாட்டுக் கூடம் மூன்று. சிங்கப்பூரிலிருந்து கிள்ளான் துறைமுகம், பினாங்கு. விலை ஐம்பதாயிரம் குறைவு.

அக்கா அதே கேள்வியைக் கேட்டாள். ஷபானா கன்னத்தில் கை வைத்தார்.

"உண்மையச் சொல்லணும்னா எனக்குத் தெரியாது மேடம். யாரும் என்கிட்ட இத கேட்டதில்ல. பாத்ரூம் கதவு எவ்ளோ அகலம்னும் கேக்கவா?"

"கேளுங்க. குளிக்கிற எடத்துல படி இருக்கான்னும் கேளுங்க."

சில நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டு ஊரிலும் கப்பல் கரையை ஒட்டியே நிற்கும். சக்கர நாற்காலிக்கென்றே அறைகள் உண்டு. குளியலறையில் படி கிடையாது. கப்பலையும் கரையையும் இணைக்கும் நடைபாலத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பெரும்பாலும் இறங்கிவிடலாம்.

அன்று சாயங்காலம் எங்களுக்குள் சண்டை வந்தது. எனக்கு அந்தப் பெரிய கப்பல் வேண்டியிருந்தது. நானும்தான் எங்கே போயிருக்கிறேன்? வேளாங்கண்ணி, ஊட்டி, ஒரு தடவை கோவா. செலவு பண்ணுவதே பண்ணுகிறோம், பழைய கப்பலில் எதற்கு என்றேன்.

"சரி, பெருசுலயே போலாம்" என்றாள் அக்கா. "ஃபுக்கெட்ல நீ எறங்கிப் பாத்துட்டு வா. நான் மேல உக்காந்து கடலப் பாக்குறேன்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் என்னைக் குத்தியது. இப்படித்தான் பள்ளிச் சுற்றுலாவில் பஸ்ஸுக்குள், கல்யாண வீட்டில் கீழ்த்தளத்தில், எல்லோரும் பார்த்துவிட்டு வரும்வரை உட்கார்ந்து பழகியவள். மறுநாள் பள்ளிக்குப் போகிற வழியில் ஷபானாவுக்கு நானே போன் செய்து சிறிய கப்பலைப் பதியச் சொன்னேன். பெருந்தன்மையோடு செய்தேன் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் பனித்தரை நடனத்தை நினைத்துக் கொஞ்சம் அழுகையே வந்தது.

ஜனவரியில் கிளம்பினோம். வீட்டிலிருந்து விமான நிலையம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரம் பறந்தோம், ஒரு நாள் அங்கே தங்கினோம், மறுநாள் பிற்பகல் கப்பலேறினோம். நாற்காலியை நான் தள்ள, சரிவான நடைபாலத்தில் அக்கா உள்ளே போனாள். எங்கள் அறையில் இரண்டு கட்டில், ஒரு அகலமான ஜன்னல். அக்கா நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே சுவரில் மடக்கு இருக்கை, எட்டுகிற உயரத்தில் குழாய், கைப்பிடிகள். வெகு நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கப்பல் கிளம்பிச் சிங்கப்பூர் பின்னால் போய்க்கொண்டிருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். ஈரத் தலையோடு வந்தவள், "ஊரு போயிடுச்சா? போவட்டும். என்னா பாத்ரூம்டி!" என்றாள்.

கிள்ளானில் சுலபமாக இறங்கி ஏறினோம். சோதனை பினாங்கில் வந்தது.

காலை ஒன்பதுக்கு இறங்கத் தயாராகப் போனால், நடைபாலம் ஏணி மாதிரி செங்குத்தாக நின்றது. கடலில் ஓதம் ஏறித் தண்ணீர் உயர்ந்திருந்ததால் கப்பல் கரையைவிட உயர்ந்துவிட்டது என்றார் வாசலில் நின்ற பிலிப்பைன்ஸ் நாட்டு அதிகாரி. அவருக்குப் பின்னால் இரண்டு வாட்டசாட்டமான ஆட்கள் நின்றார்கள்.

"நாங்கள் தூக்கி இறக்கலாமா, மேடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கேட்டதற்கு நன்றி. வேண்டாம்" என்றாள்.

மதியத்துக்குள் தண்ணீர் வடியும், சரிவு குறையலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார் அவர். கப்பல் கிளம்புவது மாலை ஐந்துக்கு.

"நீ போ" என்றாள் அக்கா என்னிடம்.

"நீ இல்லாம எனக்கென்ன அங்க?"

"எம் மூஞ்சியப் பாத்துட்டு நிக்கிறதுக்கா இவ்ளோ தூரம் வந்த? போடி."

போனேன். பத்து நிமிட நடையில் தமிழர் கடைவீதி. பூக்கடை, நகைக்கடை, இட்லிக் கடை, ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு. பெங்களூர் ஸ்ரீராம்புரத்துச் சந்துக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது, தெரு மட்டும் சுத்தம். ஒரு கடையில் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டே, "எங்கேருந்து வரீங்க அக்கா? தனியாவா?" என்று கேட்டார்கள். தனியா என்ற சொல்லுக்குப் பிறகு எனக்குப் புடவை பிடிக்கவில்லை. பெரிய கப்பலை விட்டுக்கொடுத்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் அவள் மேலேயும் நான் கீழேயும்தானா? பன்னிரண்டு அடிப்பதற்குள் வேகமாகத் திரும்பிவிட்டேன்.

அறையில் அக்கா இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை. நீச்சல் குளத்தருகே, மேல்தளத்தில், எங்கும் இல்லை. வாசலுக்கு விரைந்தேன். வாசலில் இப்போது வேறு ஒரு காவலர் இருந்தார். அறை எண்ணைக் கேட்டுத் திரையைப் பார்த்தார். "அவர் வெளியே போய்விட்டாரே. கொஞ்ச நேரம் ஆகிறது."

அப்போதுதான் கவனித்தேன். நடைபாலம் சாதுவாகப் படுத்திருந்தது. அதனால்தான் நான் ஏறி வந்ததே தெரியவில்லை.

துறைமுகக் கட்டடம் முழுக்க ஓடினேன். வெளியே டாக்சிக்காரர்கள் நின்றிருந்தார்கள். தமிழில் விசாரித்தேன். "வீல்சேர் அம்மாதானே? அந்த மணிக்கூண்டுப் பக்கம் போனாங்க. டாக்சி வேணாமாங்கம்மான்னேன், கை இருக்குன்னுட்டாங்க" என்றார் ஒருவர்.

மணிக்கூண்டைத் தாண்டி ஒரு மரநிழல். அதன் கீழே ஒரு காபித் தள்ளுவண்டி. அக்கா நாற்காலியைக் கடலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, பனிக்கட்டி போட்ட காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டுப் போக மாட்டியா? செத்தே போயிட்டேன்!" என்று கத்தினேன்.

"யாருகிட்ட சொல்றது? நீதான் ஊரு சுத்தப் போயிட்டியே." என்னை நிமிர்ந்து பார்த்ததும் குரல் தணிந்தது. "அந்த ஆபீசர் ரூமுக்குப் போன் பண்ணாருடி. தண்ணி எறங்கிடுச்சு, முயற்சி பண்றீங்களான்னு கேட்டாரு. பின்னாடி ஒருத்தர் கைப்பிடிய மட்டும் புடிச்சிக்கிட்டாரு. சக்கரம் ரெண்டும் எங் கையில. கரைக்கு வந்ததும் அவரப் போகச் சொல்லிட்டேன்."

"பயமா இல்ல?"

"இருந்துது. ரோட்ட தாண்டுறதுக்கு முன்னாடி திரும்பிடலாமான்னு நெனச்சேன்." கோப்பையை ஆட்டினாள், பனிக்கட்டி கலகலத்தது. "வெளிநாட்டுல, கூட யாருமே இல்லாம, நானே வந்து, நானே கேட்டு வாங்கிக் குடிக்கிறேன். பால்காபி மாதிரிதான் இருக்குது. இன்னொண்ணு சொல்லவா உனக்கு?"

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே வண்டிக்காரரிடம் விரலைக் காட்டி இன்னொன்று வாங்கினாள். குடித்துவிட்டு இரண்டு பேரும் மறுபடி கடைவீதிக்குப் போனோம். இந்த முறை புடவை வாங்கினேன்.

திரும்பி வந்த பிறகு நிறையப் பேர் எந்தக் கப்பல் நல்லது என்று என்னிடம் கேட்கிறார்கள். பெரிய கப்பலில் போனவர்கள் படங்களை அனுப்புகிறார்கள். பனித்தரை நடனம் அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு இன்னும் அந்த ஆசை போகவில்லை. ஆனாலும் கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கூட வருகிறவர் எங்கே இறங்க ஆசைப்படுகிறார் என்று கேட்டுவிட்டு விலை பாருங்கள் என்பதுதான்.

நாங்கள் திரும்பிய அன்று, பெங்களூரில் விமானம் இறங்கியபோது பிற்பகல். கதவருகே எங்கள் நாற்காலியை விரித்துத் தந்தார்கள். அக்கா உட்கார்ந்து காலைச் சரியாக வைப்பதற்குள், உதவிக்கு வந்த இளம்பெண் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்துவிட்டாள். அக்கா இரண்டு சக்கரத்தையும் இறுக்கிப் பிடித்தாள். நாற்காலி நின்றது. திரும்பிப் பார்த்து, முதலில் என்னைக் கேட்கணும் என்று கன்னடத்தில் நிதானமாகச் சொன்னாள்.

அந்தப் பெண் திடுக்கிட்டுக் கைகளை எடுத்துவிட்டாள். பிறகு முன்னால் வந்து நின்று, "தள்ளட்டுமா மேடம்?" என்று கேட்டாள்.

அக்கா யோசித்தாள். எதிரே நீண்ட நடைபாதையைப் பார்த்தாள்.

"தள்ளும்மா" என்றாள். "கை ரொம்ப வலிக்குது."