நீட்டுனா வாங்கிக்கோணுமுங்க

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, அண்ணப்பிளவுக் குழந்தைகளின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது: "நம்ம ஜமீலா சிஸ்டர் காலமாயிட்டாங்க." அனுப்பியவர் சென்னிமலையைச் சேர்ந்த ஒரு தாய். முப்பது ஆண்டுகள் நிருபராக இருந்த பழக்கத்தில் மூன்று பேருக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டேன். மூன்று பேரும் அழுதார்கள். சிஸ்டர் விடியற்காலைத் தொழுகையை முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுத்திருக்கிறார். எழவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவருடைய அறைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். மருத்துவமனையின் தரைத்தளத்தில் கடைசி அறை. பால்புட்டியை விட்டு, மூக்கு வைத்த சிப்பர் கோப்பையில் குடிக்கப் பிள்ளைகளைப் பழக்குவது அவர் வேலை. இரண்டு நாற்காலி, ஒரு பச்சை இரும்பு பீரோ, பீரோவுக்குப் பக்கத்தில் சுவரோரம் ஒரு குட்டி முக்காலி. முதல் நாள் என் மகள் கவிதா அந்த முக்காலியில் தன் பையை வைத்தாள். சிஸ்டர் பேச்சை நிறுத்தாமலே பையை எடுத்து அவள் மடியில் வைத்தார். "அங்க வேண்டாங் கண்ணு. அங்க எடம் இருக்கோணும்."

என் பேத்தி யாழினிக்கு அப்போது பதினொரு மாதம். உதட்டுப் பிளவை முன்பே தைத்தாகிவிட்டது, மேலண்ணம் திறந்திருந்தது. அதை மூடும் அறுவைக்கு நாள் குறித்த டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார். தையல் போட்ட பிறகு புட்டியின் நிப்பிள் வாய்க்குள் போகக் கூடாது, தையல் பிரிந்துவிடலாம். ஆகவே அதற்கு முன்பே பிள்ளை சிப்பரில் குடிக்கப் பழகியிருக்க வேண்டும். மூன்று வாரம் இருந்தது. பழகாவிட்டால் நாள் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் பேச்சு மூக்கு வழியாகவே வந்து பழகிவிடும் என்றார். யாழினியோ சிப்பரைக் கண்டதும் உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்து மூடினாள். அழவில்லை. மூடிவிட்டு எங்களைப் பார்த்தாள்.

நாலாம் நாள் கவிதா பொறுமை இழந்தாள். சிப்பரின் மூடியைக் கழற்றிவிட்டுப் பாலைப் பிள்ளையின் வாயில் சாய்த்துவிட்டாள். புரையேறி யாழினியின் முகம் நீலமாகிவிட்டது. சிஸ்டர் பாய்ந்து வந்து அவளைக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டினார். மூச்சு திரும்பியது. "ஊத்தாதீங்க. அதுவாத்தான் குடிக்கோணும். எத்தன நாளானாலும் ஊத்தவே ஊத்தாதீங்க!" அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதன் பிறகு வெகுநேரம் அவர் எங்களைப் பார்க்கவில்லை. முக்காலி இருந்த பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய முறையில் மர்மம் எதுவும் கிடையாது. சிப்பரின் மூடிக்குள் இருக்கும் வால்வைக் கழற்றி எறியச் சொல்வார். உறிஞ்ச முடியாத வாய்க்கு அது தடை. முதலில் தண்ணீர், பிறகுதான் பால். மத்தியானப் புட்டியை முதலில் நிறுத்த வேண்டும், தூங்கப்போகும் நேரத்துப் புட்டியைக் கடைசியில். இவையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு காலிச் சிப்பரை எடுத்து அண்ணாந்து விழுங்குவார். "கொழந்தைங்க நம்ம வாயப் பாக்காதுங்க. தொண்டையத்தான் பாக்கும்." கவனித்தேன், உண்மைதான். ஒன்றுமில்லாததை அவர் மடக் மடக்கென்று விழுங்குவார். பிள்ளை இமைக்காமல் அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அறையில் வேறு சத்தமே இருக்காது. அந்த அறையில் உட்கார்ந்திருப்பது எனக்கு முதல் சில நாள் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் துடியலூரில் எங்கள் வீட்டுக்கே வந்தார். வெள்ளகோவிலில் இருந்து என் சம்பந்தியும் வந்திருந்தார். கவிதா சம்பந்திக்குக் காபி கொடுத்தாள்.

"ஐயோ வேண்டாம் அம்மணி, இப்பத்தான் குடிச்சுப்போட்டு வாரேன்" என்று டம்ளரின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஒரு வாய் குடிங்க மாமா."

"போதுஞ் சாமி, உங்கப்பாவுக்குக் குடு."

அவள் என்னிடம் நீட்ட, நான் என் பங்குக்குக் கையை வைத்து மூடினேன். மூன்றாம் தடவை சொன்ன பிறகுதான் அவர் வாங்கிக் குடித்தார். நம் பக்கத்து மரியாதை அப்படி. தரையில் உட்கார்ந்திருந்த யாழினி தன் சிப்பரை அவரிடம் நீட்டினாள். "எனக்கு வேண்டாந் தங்கம், நீ குடி" என்று அதையும் மூடினார். என்னிடம் நீட்டினாள். நானும் மூடினேன். அவளும் தன் கையை வைத்து மூடிவிட்டு, சிப்பரைக் கீழே உருட்டிவிட்டாள்.

சிஸ்டர் சிரித்துவிட்டார். "ஏனுங்க, நான் வந்ததுல இருந்து ஒருத்தராவது குடுத்த ஒடனே வாங்கிக் குடிச்சீங்களா? கப்புன்னா கைய வெச்சு மூடறதுக்குன்னு அது கத்துக்கிச்சு. மரியாதையான குடும்பத்துல பொறந்துபோட்டது, பாவம்."

"அப்ப எங்க மரியாதைதான் கொழந்தையக் கெடுத்துப்போட்டதுங்களா?" என்றார் சம்பந்தி.

"நீட்டுனா வாங்கிக்கோணுமுங்க. வாய் படாம அண்ணாந்து, நெசமாவே ஒரு மொடக்கு குடிச்சுப்போட்டுத் திருப்பிக் குடுங்க."

குடித்தோம். சம்பந்தி சட்டையை நனைத்துக்கொண்டார். யாழினி ஒவ்வொருவருக்கும் கொடுத்து, ஒவ்வொருவர் தொண்டையையும் பார்த்து, திருப்பி வாங்கினாள். எல்லோரும் குடித்து முடித்தோம். அப்போது அவள் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தில், சிப்பரை நீட்டினாள். குட்டி முக்காலியில் ஒரு பிள்ளை உட்கார்ந்தால் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரம். நீட்டிய கை அசையவில்லை. கவிதா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சிஸ்டர் விரலை உயர்த்தினார். "பேசாதீங்க. அதுவும் குடிச்சு முடிக்கட்டும்."

எது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. ஏழெட்டு விநாடி இருக்கும். யாழினி கையை இழுத்துக்கொண்டாள். சிப்பரைத் தன் வாயில் வைத்தாள். முதன்முதலாகக் குடித்தாள்.

அடுத்த மூன்று நாள் நான் அந்த மருத்துவமனை அறையின் வாசலில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளைப் பார்த்தேன். சிப்பரைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட எல்லாப் பிள்ளைகளும் ஒரு தடவையாவது அதை முக்காலிக்கு நீட்டினார்கள். பீரோவில் ஏதாவது பிம்பம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். மங்கிய பச்சைப் பெயிண்ட், ஒன்றும் தெரியவில்லை. சிஸ்டர் அந்தப் பக்கம் அடிக்கடி பார்ப்பதால் பிள்ளைகளும் பார்க்கலாம். அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பக்கம் சிஸ்டர் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை.

கடைசியில் அவரிடமே கேட்டேன். சிப்பர்களைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிறுத்தாமல் சொன்னார்: "எம் மொதப் பையனுக்கும் அண்ணம் பொளந்துதான் இருந்துச்சுங்க. பதினோரு மாசம். அவசரப்பட்டு ஊத்திப்போட்டேன்." குழாயை மூடினார். "அவன் கத்துக்கவே இல்லீங்க. அதான் இங்கயே உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கறான்." வருத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

என் வாய் தன் பழக்கத்தில் கேட்டுவிட்டது: "பேர் என்னங்க?"

"பேரு இருக்குதுங்க. சொன்னா எழுதிப்போடுவீங்க."

குறித்த நாளில் அறுவை நடந்தது. யாழினி மயக்கம் தெளிந்து முதலில் குடித்தது சிப்பரில்தான். தையல் பிரியவில்லை. இன்று அவளுக்கு இரண்டரை வயது. 'பாப்பா' என்ற சொல்லில் இரண்டு 'பா'வும் மூக்கு வழியாகப் போகாமல் உதட்டில் வெடித்து வருகின்றன. சிஸ்டர் வாரம் ஒரு முறை போன் செய்து, "பாப்பா சொல்லு கண்ணு" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

வெற்றிடத்துக்கு நீட்டும் பழக்கத்தை யாழினி எப்போதோ விட்டிருந்தாள். செய்தி வந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பால் குடிக்குமுன், சிப்பரோடு எழுந்து போனாள். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் பழைய உயரத்தில் நீட்டினாள். காத்திருந்தாள். பிறகு நுனிக்காலில் நின்று, தன் தலைக்கு மேல், ஒரு பெரியவர் நின்றால் கை எட்டும் உயரத்துக்குத் தூக்கினாள். முன்னதைவிட அதிக நேரம் காத்திருந்தாள். பிறகு வந்து உட்கார்ந்து குடித்தாள். சிஸ்டர் இறந்ததை நாங்கள் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. எங்கள் பேச்சு அவள் காதில் விழுந்திருக்கலாம். விழவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை கோட்டைமேட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய தம்பி டீ கொண்டுவந்து நீட்டினார். உடனே வாங்கிக் குடித்தேன்.

"ஒருக்காவாவது வேண்டாம்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"உங்க அக்கா பழக்கி உட்டதுங்க" என்றேன்.

அவர் காலி டம்ளரை எடுத்து வைத்தார். அக்காவை அவருடைய முதல் பையனுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்துவிட்டதாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகவே அந்தப் பெயரைச் சொன்னார்.

வாங்கிக்கொண்டேன். சட்டைப்பையில் பேனா இருந்தது. எடுக்கவில்லை. ஜமீலா சிஸ்டரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பெயர்தான். அதை எங்கும் எழுதப்போவதில்லை.