பிரேக் இன்ஸ்பெக்டர் போட்ட கோடு

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், கரையேறும் நேரத்தில் கட்டுமரம் அலையில் புரண்டு என் வீட்டுக்காரரின் இடது காலை நசுக்கிவிட்டது. பாண்டி பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த ஒருத்தி, "பட்ட கால்லயே படும்னு சும்மாவா சொன்னாங்க" என்று உச்சுக்கொட்டினாள். "படறதுக்கு அந்தக் கால் எங்கடி இருக்குது?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அவள் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. என் வாய் அப்படி.

ஆனால் என் வயிற்றெரிச்சல் வேறு. எங்கள் குப்பத்தில் வலை இழுத்து முடித்ததும், கடலுக்குப் போக ஆம்பளை இல்லாத வீடுகளுக்கென்று ஆளுக்கு ஒரு கை மீன் ஒதுக்குவார்கள். தாலி அறுத்தவர்களுக்குக் கொடுக்கிற மீன். அதை எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் பூவும் பொட்டுமாக நிற்கிறேன், அவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்! யாரைத் திட்டுவது? கொடுப்பவர்கள் இரக்கப்பட்டுத்தான் கொடுத்தார்கள். குழம்பு வைத்தேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டுக் கஞ்சி கேட்டார். மீன் தின்னாத கடல்காரன் உயிரோடு இருந்தும் என்ன?

கூனிமேட்டில் ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அவர்தான் ஒருநாள் வந்து, "ஏம்பா, கடலுக்குப் போவ முடியலன்னா போவுது. புடிச்ச மீனு டவுனுக்குப் போவணும்ல? அத்த நீ எடுத்தும்போ" என்றார். எங்கேயோ கிடந்த பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, பக்கத்தில் மூன்றாவதாக ஒரு சக்கரம் வைத்து, அதன்மேல் மீன் பெட்டி கட்டினார். அந்த வண்டிக்கு பிரேக் இடது காலில். இல்லாத கால். அதனால் ஒரு நீளமான இரும்புத் தண்டைப் பற்றவைத்து, வலது கையால் இழுத்தால் வண்டி நிற்கிற மாதிரி மாற்றினார்.

உப்பளத்துக் கரைமேல் ஓட்டிப் பார்த்தார்கள். தண்டை இழுத்ததும் வண்டி சட்டென்று நின்றது. என் வீட்டுக்காரர் சிரித்தார். கால் போனதற்கு அப்புறம் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பொம்பளைகள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் மாற்றிக் கட்டின வண்டியை அப்படியே ரோட்டில் விட முடியாது. சர்க்கார் ஆள் ஓட்டச் சொல்லிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். அவரை எல்லோரும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். மாதத்துக்கு ஒருமுறை திண்டிவனம் வருவார். அவர் சரி என்றால் என் வீட்டுக்காரர் மறுபடியும் ஆம்பளையாக ஊருக்குள் நடமாடலாம். இல்லையென்றால் அந்த ஒரு கை மீன்தான், சாகிறவரை.

முந்தின நாள் சாயங்காலம் நானும் அவரும் அம்மன் கோவிலில் தேங்காய் உடைக்கப் போயிருந்தோம். வீட்டில் மாமனார் மட்டும், வயசாகிக் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டவர். எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் இன்றைக்கு அடித்த ஆணி அடுத்த வருஷம் தவிடாகிவிடும். அதனால் மரமானாலும் இரும்பானாலும் சுறா எண்ணெய் பூசி வைப்பது கடல்காரன் வீட்டு வழக்கம். புதுத் தோணியை எண்ணெய் போடாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது வண்டி மினுமினுவென்று நின்றது.

"மொட்டையாவா எடுத்தும்போவீங்க? நல்லா ஊத்தி உட்டுருக்கேன், ஒண்ணும் ஆவாது" என்றார் மாமனார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. இருந்தாலும், பிள்ளைக்காக இந்த வயதில் குனிந்து செய்திருக்கிறாரே என்று மனசுக்கு நிறைவாக இருந்தது.

கையெழுத்தாகாத வண்டியை ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். அதனால் காலையில் உப்பு லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். பாயும் கூட வந்தார். வழியில் ஒரு தடவைகூட வண்டி ஓடவில்லை.

திண்டிவனத்தில் ஒரு மைதானம். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான்யா கட்டியிருக்கான்" என்றார். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு அதன்மேல் நின்றுகொண்டார். "வேகமா வா. நான் கை தூக்குனா கோட்டுக்கு முன்னாடி நிக்கணும்."

என் வீட்டுக்காரர் வேகமாக வந்தார். இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். என் வீட்டுக்காரர் தண்டை இழுப்பது எனக்குத் தெரிந்தது. உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தார். வண்டி வந்துகொண்டே இருந்தது. "ஐயோ, தள்ளிப் போங்க!" என்று நான் கத்தினேன். இன்ஸ்பெக்டர்மேல் ஏறாமல் இருக்க என் வீட்டுக்காரர் வண்டியை ஒடித்துத் திருப்பினார். மதில் சுவரில் போய் மோதினார்.

ஆஸ்பத்திரியில் வலது முழங்கை நொறுங்கிவிட்டது என்று சொல்லிக் கட்டுப் போட்டார்கள். வெளியே பாய் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! பிரேக் கட்டைங்க உரசித்தாம்மா வண்டி நிக்கும். உள்ளாற எண்ணெ ஊத்தியிருக்குது. மூணு சக்கரத்துலயும்!"

எனக்கு ரத்தம் கொதித்தது. கிழவனைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறேன் என்று எழுந்தேன். என் வீட்டுக்காரர் நல்ல கையால் என் முந்தானையைப் பிடித்தார்.

"நைனாகிட்ட சொல்லாத. கல்லுல ஏறிடுச்சின்னு சொல்லு. எம்மேல சத்தியம்."

கல்லில் ஏறிவிட்டது என்றுதான் சொன்னோம். மாமனார் அந்தக் கல்லை, திண்டிவனத்தை, இன்ஸ்பெக்டரை, எல்லாவற்றையும் வைதார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சோற்றைப் பிசைந்து என் வீட்டுக்காரருக்கு நான்தான் ஊட்டினேன்.

சில நாள் கழித்து பாய் வண்டியை எடுத்துப்போக வந்தார். சக்கரம் திறந்தே கிடந்தது. மாமனார் குனிந்து உள்ளே பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தார்.

"ஏம்பா பாய், இங்க எண்ணெ போடக் கூடாதா?"

பாய் அவசரமாகச் சக்கரத்தை எடுத்து மாட்டினார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி நான் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது மாமனார் வந்து, "நவுரு" என்று தட்டை வாங்கிக்கொண்டார். ஒரு கவளம் உருட்டி மகன் வாய்க்கு நேரே நீட்டினார். என் வீட்டுக்காரர் ஒரு நொடி அவரையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். நாக்கு நுனிவரை வந்திருந்த வசவு அங்கேயே செத்துவிட்டது. பின்பக்கம் போய் அழுதேன்.

பாய் புது பிரேக் கட்டை மாட்டி, வண்டியை வேறு ஒரு ஆளுக்குக் கொடுத்தார். அடுத்த மாதமே கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றதாம். மாவுக்கட்டைப் பிரித்தபோது என் வீட்டுக்காரரின் முழங்கை நீட்டினது நீட்டினபடியே நின்றுவிட்டது, வாய்க்கு எட்டவில்லை. இடது கையால் சாப்பிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. வேளாவேளைக்கு மாமனார்தான் ஊட்டினார். ஒரு வாய்கூட என்னை ஊட்ட விட்டதில்லை. மாமனார் செத்த பிறகுதான் தட்டு என் கைக்கு வந்தது.