வடக்குச் சரிவிலிருந்து எடுத்த திசைக்கோணம்

தந்தியில் ஆங்கிலத்தில் சில சொற்கள் இருந்தன. அப்பா காலமானார், உடனே புறப்படு என்பது பொருள். அனுப்பியவர் பழனியிலிருந்த என் சித்தப்பா. கொடைக்கானல் தபால் நிலைய முத்திரையில் 1964 ஜனவரி என்பது தெளிவாகத் தெரிகிறது. நாள் பாதி அழிந்துவிட்டது. மணியைப் படிக்கவே முடியவில்லை. தைப்பூசத்துக்கு முந்தைய சனிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு வந்தது என்று நான் தங்கியிருந்த லாட்ஜின் மேனேஜர் சொன்னார். அதை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

தந்தி வந்தபோது நான் கொடைக்கானலில் இல்லை. அன்று மதியமே, உருளைக்கிழங்கு ஏற்றப் போன லாரியில் தொற்றிக்கொண்டு மன்னவனூருக்குப் போயிருந்தேன். மறுநாள் காலை அங்கே எங்கள் வரைபட ஓட்டம்.

நான் அப்போது ஒரு பள்ளியின் நூலகத்தில் வேலை பார்த்தேன். ஐம்பதுகளின் இறுதியில் அந்தப் பள்ளிக்கு வந்த வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர்தான் இந்த ஓட்டத்தைத் தொடங்கி வைத்தவர். அவர் ஊரில் வரைபடமும் காம்பஸுமாகக் காட்டுக்குள் ஓடும் போட்டி உண்டாம். அவர் ஊர் திரும்பிய பிறகும் நாங்கள் சிலர் அதை விடவில்லை. பழைய சர்வே வரைபடத்தை டிரேசிங் தாளில் நகலெடுத்து, இருவருக்கு ஒரு தாள் என்று கொடுப்போம். தாளில் சிவப்பு வட்டம் போட்ட இடங்களில் பிஸ்கட் டப்பாக்கள் இருக்கும். டப்பாவுக்குள் ஒரு ரப்பர் முத்திரை. எல்லா முத்திரைகளையும் தங்கள் அட்டையில் பதித்துக்கொண்டு முதலில் திரும்பி வரும் ஜோடிக்கு வெற்றி. யாரிடமும் வழி கேட்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி.

மலைக் கிராமத்துக்காரர்களுக்கு இது பிடிபடவே இல்லை. ஒரு வருடம் பூண்டுக் காட்டில் நின்ற இருவர் எங்கள் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

"ஏலே, அந்தா ஓடுறாங்களே, ஆடு கீடு காணாமப் போச்சாடா?"

"இல்லண்ணே, டப்பாவத் தேடுறாங்க."

"டப்பாவ யாரு ஒளிச்சு வச்சா?"

"அவுங்களேதாண்ணே."

என்னோடு ஓடியவர் ஏரிக்கரையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். தாளைப் பிடிப்பது என் வேலை. எத்தனை அடி வைத்தோம் என்று எண்ணித் தூரத்தைக் கணக்கு வைப்பது அவர் வேலை. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் நாங்கள் இரண்டாவதாகத்தான் வந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் மூன்று டப்பாக்களையும் தடுமாறாமல் எடுத்துவிட்டோம். தாளில் வெறும் புல்வெளியாக இருந்த இடத்தில் தலைக்கு மேல் வாட்டில் என்ற சீமை மரம் வளர்ந்திருந்தது. அதற்குள்ளும் காம்பஸை நம்பியே போய் வெளியே வந்தோம்.

நான்காவது டப்பா ஒரு பாறையின் பின்னால் இருக்க வேண்டும். பாறைமேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு லாட்ஜ் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அந்த வருடம் டப்பாக்களை வைத்தவர் அவர். வெள்ளிக்கிழமையே வைத்துவிட்டுக் கொடைக்கானல் திரும்பியவர், ஞாயிறு விடியற்காலை லாரியில் வந்திருந்தார்.

"என்ன மேனேஜரே, டப்பாவுக்கு வாட்ச்மேனா?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

மேனேஜர் சிரிக்கவில்லை. எங்கள் அட்டையை வாங்கி முத்திரை குத்தினார்.

"நாங்கதான் ஃபர்ஸ்ட்டா?"

"நீங்கதான்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், உங்கள எங்கன்னு போய்த் தேடுறது? எப்படியும் இந்த டப்பாவுக்கு வந்துதானே ஆகணும்னு இங்கயே உக்காந்துட்டேன். நேத்து ராத்திரி அனுப்ப வண்டி கெடைக்கல சார்."

தந்தியைக் கொடுத்தார். படித்தேன். கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். எங்களுக்குப் பின்னால் அடுத்த ஜோடி வாட்டில் காட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. அவர்கள் இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் வர வேண்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. வேறு எதுவும் நினைத்ததாக நினைவில்லை.

எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது மூத்த மகன். நான் மூத்தவன். எனக்கு ஒரு தம்பி. வீடு பழனியில் ரத வீதியை ஒட்டியிருந்தது. அப்பா அடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டுக் கடை வைத்திருந்தார். தைப்பூசத்துக்குக் கொடியேறிவிட்டால் மாலையில் சாமி ரத வீதியைச் சுற்றும். வீதியில் பிணம் கிடக்கும்போது சாமி புறப்படாது. அந்த வருடம் கொடியேறியாகிவிட்டது. ஆகையால் உடலை எப்படியும் அன்று பொழுதுக்குள் எடுத்துவிடுவார்கள். எனக்காக மறுநாள்வரை வைத்திருக்க வழியில்லை. யாரும் சொல்லாமலே எனக்கு இது தெரியும்.

"லாரி லோடு ஏத்திட்டுக் கெளம்பி, கொடைக்கானல் போயி, பஸ் புடிச்சு, வத்தலக்குண்டு, திண்டுக்கல்..." என்று மேனேஜர் விரலை மடக்கினார். "பழனி போய்ச் சேர ராத்திரி ஆயிரும் சார்."

ஸ்டூடியோக்காரர் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பாறைமேல் விரித்தார். "பழனி நமக்கு நேர் வடக்க. மலையச் சுத்திப் போனாத்தான் நாளு பூராவும் ஆகும். போளூர்ப் பக்கம் போய் வடக்கால எறங்குனா பொழுதோட போயிரலாம். பூண்டு ஏத்துற மட்டக்குதிரை எறங்குற பாதை ஒண்ணு இருக்கே."

"தனியா அனுப்பாதீங்க" என்றார் மேனேஜர்.

"யாரு தனியா அனுப்புறா?" அட்டையை அவரிடம் நீட்டினார் ஸ்டூடியோக்காரர். "இத நீங்களே வச்சுக்கங்க. இந்த வருஷமும் நாங்க ஜெயிக்கல."

போளூரின் வயல்களை எட்டியபோது வெயில் ஏறியிருந்தது. பூண்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் என் கழுத்தில் தொங்கிய வரைபட உறையைப் பார்த்ததும் நிமிர்ந்தார்கள். பழனிக்கு இறங்கும் பாதை எது என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். அத்தனை வருடத்தில் நாங்கள் ஒருவரிடம் வழி கேட்டது அதுதான் முதல்முறை.

"மலைய மடிச்சுக் கழுத்துல மாட்டிக்கிட்டு எங்ககிட்ட வழி கேக்குறீங்களாக்கும்?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். "டப்பாவ இங்க யாரும் எடுக்கலைங்க. எங்க வீட்டு மாமியாமேல சத்தியமா."

"இவரு அப்பா தவறிட்டாரும்மா. பழனியில. பொழுதுக்குள்ள போகணும்."

சிரிப்பு நின்றது. கேலி பேசியவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வரப்புக்கு வந்தாள். "மேட்டத் தாண்டுனா ரெண்டு பாதை கெடக்கும். குதிரைச் சாணி கெடக்குற பாதையிலயே போங்க. மத்தது விறகு வெட்டப் போறது, நடுக்காட்டுல நின்னுரும். வெரசாப் போங்க." என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "தண்ணி குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றாள். குடித்தேன்.

மேட்டைத் தாண்டியதும் எங்கள் தாள் முடிந்துவிட்டது. நகலெடுத்தவர்கள் ஓட்டத்துக்குத் தேவையான மேட்டு நிலத்தை மட்டும்தான் எடுத்திருந்தார்கள். சரிவு தொடங்கும் இடத்தில் சமஉயரக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கி வந்து, தாளின் ஓரத்தில் அறுந்து நின்றன. அதற்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தாள்கூட இல்லை. ஸ்டூடியோக்காரர் அதை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு சாணியைப் பார்த்துக்கொண்டு இறங்கினோம்.

அந்த இறக்கத்தைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. முழங்கால் வலித்தது. குளிர் விட்டுப்போய் ஒவ்வொரு திருப்பத்திலும் வெக்கை கூடியது. சோலைக்காடு போய் மூங்கில் வந்தது. நான் அப்பாவை நினைத்துப் பார்க்க முயன்றேன். அவர் தேங்காயைத் தட்டிப் பார்க்கும் விதம் மட்டும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஸ்டூடியோக்காரர் பழக்கத்தில் கால் கணக்கை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அதைக் கேட்டுக்கொண்டு நடப்பது எளிதாக இருந்தது.

ஓரிடத்தில் மரங்கள் விலகி, துருத்திய பாறை ஒன்று இருந்தது. அங்கிருந்து சமவெளி தெரிந்தது. கோயில் மலை ஒரு சிறு குன்றாகக் கீழே கிடந்தது. அதற்கு மேற்கே, சண்முகநதிப் பக்கமாக, ஒற்றைப் புகை எழுந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்ச் சுடுகாடு அந்த ஆற்றங்கரையில்தான். என் கடிகாரத்தில் அப்போது நான்கு ஆகவில்லை. வெயில் நன்றாக இருந்தது.

நான் காம்பஸை எடுத்து, புகை வடக்கிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்று அதன் திசைக்கோணத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. தொலைவில் ஒன்றைக் கண்டால் கோணம் எடுப்பது கைக்குப் பழகியிருந்தது. உறையிலிருந்து தாளை உருவி, அதன் பின்பக்கம் எண்ணையும் நேரத்தையும் குறித்தேன்.

"அது வேற புகை தம்பி" என்றார் ஸ்டூடியோக்காரர். "பூசத்துக்கு நடந்து வர்றவங்க ஆத்தங்கரையிலதான் சோறு பொங்குவாங்க."

"இருக்கும்ண்ணே."

"வாங்க, போயிரலாம்."

ரத வீதிக்குள் நுழைந்தபோது டியூப் லைட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. காவடிக்கூட்டம். நாதசுரம் பக்கத்துத் தெருவில் கேட்டது. சாமி புறப்பட்டாயிற்று. எங்கள் வாசல் கழுவி ஈரமாக இருந்தது. உள்ளே அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கு. அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், திரும்பவில்லை. அத்தைதான் எழுந்து வந்தாள்.

"மத்தியானமே எடுத்துட்டாங்கப்பா. எல்லாரும் இன்னும் ஆத்துலதான் இருக்காங்க. போ, வெரசாப் போ."

ஆற்றுக்குப் போகும் வழியிலேயே அவர்களைப் பார்த்தோம். ஈர வேட்டியோடு வந்துகொண்டிருந்தார்கள். தம்பி தலை மழித்திருந்தான். சித்தப்பா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"காத்துக்கெடந்தோம்ப்பா. வீதியில வைக்க முடியாதுன்னு எடுத்துட்டு வந்துட்டோமே தவிர, கரையில எறக்கி வச்சுட்டு உனக்காகத்தான் காத்துக்கெடந்தோம். பொழுது உக்காரப் போகுதுன்னதும்தான் உன் தம்பிய வைக்கச் சொன்னேன். இல்லையாடா?"

தம்பி தலையை ஆட்டினான். என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரைபட உறை இன்னும் என் கழுத்தில் தொங்கியது. ஸ்டூடியோக்காரர் பின்னாலிருந்து அதைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார். நானும் ஆற்றில் முழுகினேன். அழுகை வரவில்லை. பதினாறாம் நாள்வரை செய்ய வேண்டியவற்றையெல்லாம் செய்தேன்.

பிறகு எப்போதோ ஒருமுறை, சித்தப்பா இல்லாத நேரத்தில், தம்பியிடம் கேட்டேன். கொள்ளி வைக்கும்போது வெயில் இருந்ததா?

"எனக்கு ஞாபகம் இல்லண்ணே. வைக்கச் சொன்னாங்க, வச்சேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ வருவேன்னு சித்தப்பா சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. எம்புட்டு நேரம்னு தெரியல" என்றான்.

நகராட்சி இறப்புப் பதிவிலிருந்து எடுத்த நகலில் நாள் இருக்கிறது. எரித்த மணி இல்லை. அதைப் பதிவதும் வழக்கமில்லை.

1965 தை மாதம் ஸ்டூடியோக்காரரும் நானும் அதே பாதையில் மறுபடி இறங்கினோம். அந்தப் பாறையைக் கண்டுபிடித்து, தாளில் குறித்திருந்த கோணத்துக்குக் காம்பஸைத் திருப்பி, அவருடைய பைனாகுலரால் பார்த்தேன். கோடு நேராகச் சுடுகாட்டின்மேல் விழுந்தது. அதே கோட்டில், சுடுகாட்டுக்குச் சற்று முன்னால், ஆற்றின் இக்கரையில், பூசத்துக்கு வந்தவர்கள் அடுப்பு மூட்டும் மணல்திட்டும் இருந்தது. அன்றும் அங்கே புகை எழுந்துகொண்டிருந்தது.

ஒரு பொருள் ஒரு கோட்டின்மேல் எங்கோ இருக்கிறது என்பதைத்தான் ஒரு கோணத்தால் சொல்ல முடியும். எங்கே என்று அறிய, இன்னோர் இடத்தில் நின்று இரண்டாவது கோணம் எடுக்க வேண்டும். ஓட்டத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுப்போம். 1964இல் நான் எடுத்தது ஒன்றுதான். மேலும் கீழே இறங்கியபோது மரங்கள் மறைத்துவிட்டன. மறுபடி மரமில்லாத திறந்த இடம் வந்தபோது நான் அந்தப் பக்கம் பார்த்தேனா என்பது ஸ்டூடியோக்காரருக்கும் நினைவில்லை.

சித்தப்பா சொன்னது சரியென்றால் நான் கண்டது அடுப்புப் புகை. நான் கண்டது சிதைப் புகை என்றால், அவர்கள் பொழுது சாயும்வரை காத்திருக்கவில்லை. இரண்டில் எது என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.