துரை வீட்டுப் பசுவும் அஞ்சலை வயிறும்

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றும் டிரெசர் என்பவன் பாதி டாக்டர், பாதி பூசாரி, மீதி முழுக்கத் துரையின் செருப்பு; அந்தப் பிழைப்பை என்னோடு பிழைத்த டிரெசர் சகாக்களே, பொய்யென்றால் கையைத் தூக்குங்கள்.

ஒரே மருந்து

மலாயாவில் தங்காக் பக்கம் எங்கள் தோட்டத்துக் கொசு இரண்டு சேர்ந்தால், கணக்கெழுதும் கிராணி ஒருவரைத் தூக்கிப்போய் லேடாங் மலை உச்சியில் உட்கார வைத்துவிடும். எந்தக் காய்ச்சலுக்கும் என்னிடம் மலேரியாவுக்குத் தரும் கசப்புக் கொயினா தண்ணீர் ஒன்றுதான். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அஞ்சலைக்கு முதல் கரு ஆறாம் மாதம் காய்ச்சலோடு விழுந்தபோதும் அதையே ஊற்றினேன். முகத்தைச் சுளித்தாள். "டிரெசரய்யா, புள்ள போன வயித்துக்கும் இதானா?"

மரத்தில் கட்டியது

துரை பங்களாவின் சீமைப் பசு, மாதம் நிறையுமுன்னே செத்த கன்றைப் போட்டது. பசுவின் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டினால் மடி சுரக்கும் என்பது நம் வழக்கம். ஆலுக்கு எங்கே போவது? மாட்டுக்கார முனியன் ரப்பர் மரத்தில் கட்டிவிட்டான். அஞ்சலை வெட்டும் மரம் அது. மறுபடி மூன்று மாதம் முழுகாமல் இருந்தவள், வழிந்த அழுகலை வெறுங்கையால் துடைத்துவிட்டு வெட்டினாள். முனியனை ஏசினேன். "ஆலமரத்தவிட இதுலதானேய்யா அதிகமா வடியுது!"

சிங்கப்பூர் டாக்டர்

மூன்றாம் நாளே சிங்கப்பூரிலிருந்து மாட்டு டாக்டர் வந்துவிட்டார். முனியன் இறக்கித் தந்த கொடியைக் கொண்டுவந்த மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கொடிக்குள் கிருமி புகுந்துதான் கன்று செத்ததாம். எரித்துவிட வேண்டும், பிள்ளைத்தாய்ச்சிகள் தொடவே கூடாதாம். பசுவுக்கு மூன்று மாதம் ஓய்வு. நான் கைகட்டி நின்று, அதைத் தொட்டுவிட்ட அஞ்சலையை மூவார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். துரை தோட்டத்துத் தமிழிலேயே சொன்னார்: "டிரெசர், பசு சீமையில இருந்து கப்பல்ல வந்துச்சு. இவ போனா வேற ஆள் வரும்."

பதிவுப் புத்தகம்

அடுத்த மாதம் அஞ்சலைக்குக் காய்ச்சல். சாயங்காலம் ஏறும், காலையில் வேர்த்து இறங்கும். கொயினாவுக்கு அடங்கவில்லை. ஐந்தாம் மாதம் கரு விழுந்தது. மருத்துவச்சி தட்டில் காட்டிய நஞ்சுக்கொடி பழுத்துப்போய், மரத்தில் தொங்கியதன் அதே நாற்றம். பதிவில் "கொடியில் கிருமி" என்று எழுதினேன். துரை புருவத்தைத் தூக்கினார். அடித்துவிட்டு "மலேரியா" என்று எழுதினேன்.

அஞ்சலை கட்டிலில் கிடந்தபடி கேட்டாள்: "பசு எப்படி இருக்குங்கய்யா? மறுபடி சினை பிடிச்சிருச்சா?"

ஆயிரம் பொய் அளந்திருக்கிறேன், ஒன்றையும் யாரும் அடிக்கவில்லை. எழுதிய ஒரே உண்மையை என் பேனாவாலேயே அடித்தேன்.